பிடித்தலும் விடுதலும்: தூண்டில் மீன்பிடியின் அறம் பற்றிய ஒரு நோக்கு

ஓருயிரைக் கொல்லாது விடுதல் அறமெனில், அதனை வேண்டுமென்றே பிடித்துத் துன்புறுத்திப் பின்னர் உயிருடன் விடுதலும் அறமாகுமா? மேனாடுகளிலே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பரவி, தெற்காசிய நாடுகளிலும் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கம் இவ்வினாவை எழுப்புகின்றது. தூண்டிலில் அகப்பட்ட மீனைக் கரைக்குக் கொணர்ந்து, அளந்து, நிறுத்து, நிழற்படம் எடுத்து, மீண்டும் நீரிலே விட்டுவிடுதலே அவ்வழக்கம். இதனைப் போற்றுவோர், இயற்கைப் பாதுகாப்புக்கு இதனினும் சிறந்த வழி இல்லை என்பர். இகழ்வோர், உண்பதற்குமன்றி விற்பதற்குமன்றி வெறும் இன்பத்தின் பொருட்டு ஓருயிரை வதைக்கும் கொடுமை என்பர். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வுண்மைகள் ஒன்றையொன்று அழிப்பனவா, அன்றி ஓர் அறத்தின் இரு கூறுகளாக இணையத்தக்கனவா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தமிழ் மரபின் பாகுபாடு

உயிர்களிடத்து மனிதன் ஒழுகவேண்டிய முறையைத் தமிழ் அறநூலார் ஒரே சொல்லுள் அடக்கிவிடவில்லை. திருக்குறளின் துறவறவியலிலே புலான் மறுத்தல், இன்னா செய்யாமை, கொல்லாமை என்பன தனித்தனி அதிகாரங்களாக வகுக்கப்பட்டுள்ளன. கொல்லாமை ஒன்றே போதுமாயின் இன்னா செய்யாமைக்குத் தனி அதிகாரம் வேண்டுவதில்லை. கொல்லாதிருப்பவனும் துன்பஞ் செய்யக்கூடும் என்பதை இப்பாகுபாடு உணர்த்துகின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, மீனைப் பிடித்து உண்பவன் கொல்லாமையையும் புலான் மறுத்தலையும் கடந்தவனாகின்றான். ஆயினும் அவன் செய்கைக்குப் பசி என்னும் காரணம் உண்டு. பிடித்து விடுபவன் அவ்விரண்டையும் காத்தவனாகின்றான். ஆயின் இன்னா செய்யாமையைக் கடந்துவிடுகின்றான். அவனுக்குப் பசி என்னும் காரணமும் இல்லை. ஆகவே, உயிரோடு விட்டமையாலேயே ஒருவன் உண்பவனிலும் உயர்ந்தவனாகிவிடுவான் என்ற முடிவு எளிதிற் கொள்ளத்தக்கதன்று. சங்கச் செய்யுட்களில் வரும் மீன்பிடித்தலும் பெரும்பாலும் பரதவரின் தொழிலே. கடலோடும் அலையோடும் போராடிப் பெற்ற மீன் அவர்தம் குடியின் உணவாயும் விலைப்பொருளாயும் அமைந்தது. பிடித்ததை விடுதல் என்பது அவ்வாழ்க்கையில் எழாத வினாவாகும். உண்ண வேண்டிய தேவை நீங்கி, பிடித்தலே இன்பமாக மாறிய சமுதாயத்திலேதான் அவ்வினா எழுகின்றது.

வழக்கத்தின் தோற்றம்

மீன்பிடித்தலை அமைதிக்கும் சிந்தனைக்கும் உரிய பொழுதுபோக்காக ஆங்கிலேயர் போற்றத் தொடங்கியமைக்கு 1653இல் வெளிவந்த ஐசக் வால்ற்றனின் நூல் சான்றாகும். எனினும், பிடித்ததை விட்டுவிடுதல் ஓர் ஒழுக்கநெறியாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். அமெரிக்கரான லீ வுல்வ், விட்ட மீன் மற்றொருவனுக்கும் அதே இன்பத்தை அளிக்கும் என்ற கருத்தை 1939இல் எழுதிய நூலில் வலியுறுத்தினார். இக்கருத்தின் அடிப்படை மீனின் நலமன்று, பின்வரும் தூண்டிலாளனின் நலமே என்பதை மறத்தல் கூடாது.

தன்னலத்திற் பிறந்த ஒரு கருத்து பொதுநலமாக வளரக்கூடும் என்பதற்கு வட அமெரிக்காவின் ‘மஸ்கி’ மீனின் வரலாறு நல்ல உதாரணமாகும். பேரேரிகளிலும் சென் லோறன்ஸ் ஆற்றிலும் அவற்றைச் சூழ்ந்த நீர்நிலைகளிலும் வாழும் இம்மீன், நன்னீரில் வேட்டையாடி உண்ணும் பெருமீன்களுள் ஒன்று. ஓர் ஏரியில் மிகச் சிலவே வாழும். முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். பல்லாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று அகப்படும் என்று அங்குள்ளோர் வழக்கிற் கூறுவர். இத்தகைய மீனிற் பெரியவற்றையெல்லாம் கொன்று சுவரிலே மாட்டுவது பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில் அதன் தொகை அருகியது. 1966இல் மினசோற்றா மாநிலத்திலே தூண்டிலாளர்களே கூடி இம்மீனுக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். பிடித்த மீனை விடுவதே பெருமை என்ற எண்ணம் சங்கத்தினரிடையே பரவியது. பின்னர் அரசும் துணைநின்றது. குறித்த நீளத்திற்கு மேற்பட்ட மீனையே வைத்துக்கொள்ளலாம் என்னும் விதி படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டு, 2015 முதல் அம்மாநிலத்தில் அவ்வெல்லை 54 அங்குலமாயிற்று. பிடிபடும் மீன்களுள் மிகச் சிலவே அந்நீளத்தை எட்டும். எனவே அவ்விதி, பெரும்பாலான மீன்களைப் பொறுத்தவரை, கொல்லாமையைச் சட்டமாக்கியது எனலாம்.

ஈண்டு கல்வியின் பங்கு குறிப்பிடத்தக்கது. மீனை விடுதல் எளிய செயலன்று. நெடுநேரம் இழுபட்டுக் களைத்த மீனின் தசைகளில் இலற்றிக் அமிலம் சேர்கின்றது. அது நீந்திச் சென்றது போலத் தோன்றினும் சில மணி நேரத்திற்குள் ஆழத்திலே இறந்துவிடக் கூடும். உலர்ந்த கையினாற் பற்றினால் உடலைக் காக்கும் வழுவழுப்பான படை நீங்கி நோய் தொற்றும். செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் பெருமீனின் உள்ளுறுப்புகள் தாக்கமுறும். நீர் வெப்பமடையும்போது அதிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவதால், கோடையில் விடப்பட்ட மீன் பிழைப்பது அரிது. ஆகவே அறிந்த தூண்டிலாளன் வலிய கயிற்றைப் பயன்படுத்தி விரைவிற் கரைசேர்ப்பான். பெரிய அத்தாங்கிலே மீனை நீருக்குள் வைத்தபடியே முள்ளை நீக்குவான். நீங்காத முள்ளை வெட்டுங்கருவியால் துண்டிப்பான். முள்ளின் நுனியிலே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை முன்னதாகவே நசுக்கிவிடுவான். மீன் தன் வலிமையால் கையை விட்டுச் செல்லும்வரை அதனை நீரிலே தாங்கி நிற்பான். வெப்பம் மிகுந்த நாட்களில் தூண்டிலைத் தொடவே மாட்டான். இவற்றை அறியாதவன் விடுவது உயிரையன்று. சற்றுப் பிந்தி இறக்கப்போகும் உடலையே.

காவிரி காட்டும் பாடம்

மஸ்கியை ஒத்த கதையொன்று தமிழர்க்கு அண்மையிலுள்ள காவிரியிலும் நிகழ்ந்துள்ளது. கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்த ‘மகசீர்’ மீன்களுள் மிகப் பெரியது, முதுகிலே திமில் போன்ற எழுச்சியுடைய பொன்னிற மகசீர். காவிரியிலும் அதன் கிளையாறுகளிலுமன்றி உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாக வாழ்வதில்லை. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எச். எஸ். தோமஸ் 1873இல் வெளியிட்ட தூண்டில் நூலின் வாயிலாக இந்திய மகசீரின் புகழ் ஆங்கிலேயரிடையே பரவியது. 1946இல் கபினி ஆற்றிலே வான் இங்கன் என்பார் பிடித்த 120 இறாத்தல் எடையுள்ள மீன் இன்றும் பேசப்படுகின்றது.

விடுதலைக்குப் பின்னர் அணைகளும், மணல் அகழ்வும், வெடிவைத்து மீன் பிடித்தலும் அவ்வினத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1970களிலிருந்து தூண்டிலாளர் சங்கங்கள் ஆற்றின் சில பகுதிகளைப் பொறுப்பேற்றுக் காவலரை அமர்த்தின. பீமேசுவரி, கலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் கர்நாடக அரசு சார்ந்த நிறுவனம் முகாம்களை நடத்தியது. பிடித்த மீன் யாவும் விடப்படவேண்டும் என்பது அங்கு மாறா விதியாயிற்று. முன்னர் களவாக மீன் பிடித்த உள்ளூரார் பலர் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் வேலை பெற்றனர். உயிருள்ள மீன் அவர்களுக்கு இறந்த மீனிலும் மேலான வருவாயைத் தந்தது.

இம்முயற்சியின் பயன் யாது? கலிபோரே முகாமிலே 1998 முதல் 2012 வரை தூண்டிலாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளை அட்ரியன் பின்டர், ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர் ஆராய்ந்தனர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகசீர்களின் பதிவுகள் அக்குறிப்புகளில் இருந்தன. பிடிபட்ட மீன்களின் தொகை காலப்போக்கிற் பெருகியிருந்தது. மேலோட்டமாக நோக்குவோர் இதனைப் பெருவெற்றி என்பர். ஆனால், பெருகியது காவிரிக்கே உரிய திமில் மகசீர் அன்று; நீலச் செட்டை மகசீர் என்னும் வேற்றினமே. லோனாவ்லாவிலுள்ள குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட அவ்வினத்தின் குஞ்சுகள், மகசீரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு இந்தியாவின் பல ஆறுகளிலும் விடப்பட்டன. காவிரியும் அவற்றுள் ஒன்று. வந்த மீன் பெருக, வாழ்ந்த மீன் அருகியது. பல்லாண்டுகளாகப் புகழப்பட்ட திமில் மகசீருக்கு 2018இலேதான் உரிய அறிவியற் பெயர் உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டிலேயே அது மிகக் கடும் அழிவாபத்துக்குள்ளான இனமாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலிற் சேர்ந்தது. பெயர் பெறுமுன்னரே ஓரினம் மறைந்துவிடும் நிலை ஏற்பட்டிருந்தது.

இங்கே இரு உண்மைகள் ஒருங்கே புலனாகின்றன. அன்பு மாத்திரம் உயிரைக் காவாது. எதனைக் காக்கின்றோம் என்னும் அறிவும் வேண்டும் என்பது ஒன்று. அத்தீங்கை உலகுக்கு வெளிப்படுத்தியதும் அதே தூண்டிலாளரின் குறிப்பேடுகளே என்பது மற்றொன்று. சரணாலயத்தினுள் தூண்டிலிடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தின் பேரில் 2012ஆம் ஆண்டளவில் அம்முகாம்களில் மீன்பிடி நிறுத்தப்பட்டது. அதனால் ஆற்றிலே தூண்டில் முள் நீங்கியது. அதனுடன் நாள்தோறும் ஆற்றைக் கண்காணித்த கண்களும் நீங்கின என்று மேற்குறித்த ஆய்வாளர்கள் வாதிட்டனர். முற்றான தடை தூய்மையான கையைத் தரும். ஆனால், தூய்மையான கை ஆற்றைக் காவல் செய்யும் கையாக இருக்கவேண்டும் என்பதில்லை.

எதிர்வாதங்கள்

இவ்வழக்கத்திற்கு எதிரான வாதங்களுள் முதன்மையானது மீனின் துன்பம் பற்றியது. விலங்குகளை நடத்தும் முறையில் அவற்றின் அறிவாற்றலன்று, துன்புறும் ஆற்றலே கருதத்தக்கது என்னும் கொள்கையை பெந்தாம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலைநாட்டினார். மீன் துன்புறுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நோவை அறிவிக்கும் நரம்புமுனைகள் ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் உள்ளன என்பதை லின் ஸ்னெடன் குழுவினர் 2003இற் காட்டினர். மனிதனுக்குள்ள மூளைப் புறணி மீனுக்கின்மையால் அது நோவை உணராது என ஜேம்ஸ் றோஸ் 2002இல் வாதிட்டிருந்தார். இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும், ஐயம் நிலவுமிடத்து அதன் பயனைத் துன்புறக்கூடிய உயிருக்கே அளித்தல் முறை. துன்பம் இல்லையென்பது நிறுவப்படும்வரை துன்பம் உண்டென்றே ஒழுகுபவன், தவறினும் பெருந்தீங்கு செய்தவனாகான்.

சில நாடுகள் இவ்வாதத்தைச் சட்டமாக்கியுள்ளன. தகுந்த காரணமின்றி விலங்குக்கு நோவு செய்தலை ஜேர்மனியின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. உணவு அங்குத் தகுந்த காரணமாகக் கொள்ளப்படுகின்றது, வெறும் விளையாட்டு அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. சுவிற்சர்லாந்து 2008இல், விடும் நோக்கத்துடனேயே மீன் பிடித்தலைத் தடைசெய்தது. அமெரிக்காவில் விடுவதே ஒழுக்கம். சுவிற்சர்லாந்தில் விடுவதற்கெனப் பிடிப்பதே குற்றம். இரு நாடுகளும் மீனின் நலத்தையே காரணமாகக் காட்டுகின்றன. ஒன்று இனத்தை நோக்குகின்றது. மற்றது தனியுயிரை நோக்குகின்றது. இனம் வாழ்ந்தால் தனியுயிரின் நோவு பொறுக்கத்தக்கது என்று முன்னது கருதுகின்றது. தனியுயிரின் நோவு எவ்வினத்தின் பேராலும் நியாயமாகாது என்று பின்னது கருதுகின்றது.

இரண்டாவது எதிர்வாதம் செய்பவனைப் பற்றியது. விலங்குகளுக்குக் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடத்தும் வன்னெஞ்சனாவான் என்பது கான்ற்றின் கருத்து. இதற்கு மாறாக, விடுதலைப் பயின்றவனின் உள்ளம் மென்மையடைகின்றது என்று கூறுவாரும் உளர். அமெரிக்க இயற்கைச் சிந்தனையாளர் அல்டோ லியோபோல்ட், காட்டிலே தனித்திருக்கும் வேட்டைக்காரனுக்கு அவன் மனச்சான்றேயன்றிப் பிறிதொரு நடுவர் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். இக்கருத்து ஆழமானது. விதிகளைக் காக்கும் அலுவலர் ஒவ்வொரு வளைவிலும் நிற்க முடியாது. யாரும் காணாத வேளையிலே, கைக்குக் கிட்டிய பெருமீனை விதிக்கமைய விடுபவனிடத்து உண்மையான தன்னடக்கம் உண்டு. ஆனால், அம்மீனைத் தூக்கி நிறுத்தி நிழற்படங்கள் பல எடுத்துப் பலருக்கும் காட்டியபின் விடுபவன், விடுதலின் பேரால் தன் புகழையே பற்றி நிற்கின்றான். அந்நிழற்படங்களுக்காக நீருக்கு வெளியே கழியும் ஒவ்வொரு கணமும் மீனின் மூச்சிலிருந்து எடுக்கப்படுவது.

உண்பவனும் விளையாடுபவனும்

இலங்கைச் சூழலிலே இவ்வினா மற்றொரு வடிவம் பெறுகின்றது. கொம்பனித்தெருவை அடுத்துள்ள பேரை வாவியின் கரையிலே, அன்றிரவு உணவுக்காகத் தூண்டிலிடும் ஓர் ஏழைத் தொழிலாளியையும், நுவரெலியாவின் குளிர்ந்த ஓடையிலே விளையாட்டுக்காகத் தூண்டில் வீசும் செல்வனையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கலாம். முன்னவன் மீனைக் கொல்கின்றான், பின்னவன் விடுகின்றான். விடுதலே அறத்தின் அளவுகோலாயின் செல்வன் அறவோனாகவும் ஏழை பாவியாகவும் முடியும். பசியில்லாதவனுக்கு மட்டுமே எளிதாகும் ஓர் ஒழுக்கத்தைப் பசித்தவன்மீது சுமத்தும் நீதி நீதியாகாது. அன்றியும், அவ்வாவியின் மீனுக்குப் பெரும்பகை ஏழையின் தூண்டிலன்று. சூழவுள்ள மாநகரம் நெடுங்காலமாக அதனுட் கலந்துவந்த கழிவே. தூண்டிலில் அகப்பட்ட மீனை இரக்கத்தோடு அவ்வழுக்கு நீரிலே திரும்ப விடுபவன், எதற்குள் அதனை விடுகின்றான் என்பதையும் எண்ணவேண்டும்.

நுவரெலியாவின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலேயர் தம் நாட்டு விளையாட்டை இங்கும் தொடர விரும்பி ட்ரவுட் மீனைக் கொணர்ந்து மலையோடைகளில் விட்டனர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. அம்மீனைப் பேணுவதில் அதன் உறுப்பினர் காட்டிய அக்கறை மெச்சத்தக்கதே. ஆனால், ஹோர்ட்டன் சமவெளிக்கே உரிய சிற்றிறால் இனத்துக்கு அம்மீன் அச்சுறுத்தலாகக் கருதப்படுகின்றது. யாரும் தூண்டிலிடாத, எவரும் நிழற்படம் எடுக்காத அச்சிற்றிறாலுக்காக எந்தக் கழகமும் எழவில்லை. தனக்கு இன்பந் தருவதையே மனிதன் காக்கின்றான் என்பதற்கும், அக்காவலே பிறிதோர் உயிருக்குக் கேடாகலாம் என்பதற்கும் காவிரியோடு இதுவும் சான்றாகின்றது. விளையாட்டு மீனின்பாற் கொண்ட பற்று நீர்நிலை முழுவதன்பாலும் விரியாதவரை அது பாதுகாப்பு என்னும் பெயருக்கு முழுத்தகுதி பெறாது.

இன்பத்தின் வழியன்றி வேறு வழியாலும் மீன் காக்கப்படலாம் என்பதையும் மறத்தலாகாது. கர்நாடகத்திலே துங்கை ஆற்றங்கரையிலுள்ள சிருங்கேரியில், கோயிற் படித்துறை மகசீர்களை எவரும் பிடிப்பதில்லை. வழிபட வருவோர் அவற்றுக்கு உணவிடுகின்றனர். அங்குப் பக்தியே காவல். ஆயினும் அக்காவல் படித்துறையின் எல்லையளவிலேயே வலியது. நீண்ட ஆற்றுக்குச் சட்டமும் வேண்டும். வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடித்தலை இலங்கையின் 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் தடைசெய்தமை இவ்வகையிற் பெரிதும் வேண்டப்பட்டதாகும். ஆயின் சட்டம் தீயதைத் தடுக்குமேயன்றி நல்லதைப் பழக்காது. பழக்குவது கல்வியே. பக்தி, சட்டம், கல்வி ஆகிய மூன்றும் தனித்தனியே குறையுடையன. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப வல்லன.

கொடையா, கடனா?

விடுபவன் தன்னை எவ்வாறு கருதிக்கொள்கின்றான் என்பதிலேயே இவ்வழக்கத்தின் அறநிலை தங்கியுள்ளது. மீனுக்கு உயிர்ப்பிச்சை அளித்த வள்ளலாகத் தன்னைக் கருதுவானாயின் அது பிழையான எண்ணம். அவ்வுயிர் அவனுடையதன்று, அதன் வாயிலே தைத்த முள்ளே அவனுடையது. பிறன் பொருளைப் பறித்துப் பின் திருப்பிக் கொடுத்தவனை வள்ளல் என எவரும் அழைப்பதில்லை. விடுதலால் மரணம் தவிர்க்கப்படுகின்றது, துன்பம் நிகழாததாகிவிடுவதில்லை. எனவே அவன் கொடையாளனல்லன், கடனாளியே.

இக்கடனுணர்ச்சி தோன்றுமாயின் மேற்கூறிய இரு கொள்கைகளுக்குமிடையே ஒரு வழி பிறக்கின்றது. தனியுயிரின் துன்பம் உண்மையானது என்பதை ஏற்பவன், அதனை இயன்றவரை குறைக்கும் முறைகளைக் கற்பான்; கோடையிலும் முட்டையிடும் பருவத்திலும் தூண்டிலை வைத்துவிடுவான்; பிடிப்பதன் தொகையையே குறைத்துக்கொள்வான். எஞ்சிய துன்பத்துக்கு ஈடாக அவ்வினம் முழுவதற்கும் உழைப்பான். ஆற்றின் நிலையைக் குறித்துவைப்பான். வெடிவைப்பவனையும் கழிவு கலப்பவனையும் எதிர்ப்பான். வேற்றினத்தைக் கொணர்ந்து விடுவதற்கு முன் அறிந்தோரை வினவுவான். காவிரித் தூண்டிலாளரின் குறிப்பேடுகள் அத்தகைய கடனடைப்பின் ஒரு பகுதியே. கடனை அடைக்க விரும்பாதவனுக்குச் சுவிற்சர்லாந்தின் சட்டமே பொருத்தமானது. அவன் தூண்டிலைத் தொடாதிருத்தலே நன்று.

இன்னா செய்யாமை என்னும் உயர்ந்த நிலையை அடைந்தவனுக்குத் தூண்டிலே வேண்டுவதில்லை. அந்நிலையை அறநூலார் துறவறத்துள் வைத்தமை, அஃது எல்லார்க்கும் ஒருங்கே கைகூடாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தமையால் ஆகலாம். அதனை அடையாத பெரும்பாலார்க்கும் ஓர் அறம் வேண்டும். தேவைக்கு மேற்கொள்ளாமை, கொண்டதற்குக் கணக்கு வைத்தல், செய்த துன்பத்தை மறவாமை என்பனவே அவ்வறம். இது தூண்டிலாளனுக்கு மட்டும் உரியதன்று. மலையை வெட்டித் தெரு அமைப்போருக்கும், ஆற்றை மறித்து மின்சாரம் பெறுவோருக்கும், அம்மின்சாரத்தின் ஒளியிலே இருந்து நூல் கற்போருக்கும் இது பொருந்தும். அவர்கள் யாவரும் பிற உயிர்களின் உலகிலிருந்து எடுத்தவர்களே. தூண்டிலாளனோ தான் எடுத்ததன் கண்ணை ஒரு கணமேனும் நேரிற் காண்கின்றான்.